வலியை நிறுக்கத் தராசு உண்டா?

உடலின் வெப்பத்தை அறிய வெப்பமானி இருக்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அம்மீட்டரின் முள் சொல்லிவிடுகிறது. மயிரிழையின் தடிப்பைக்கூடத் திருகு அளவியால் அளந்துவிடுகிறோம். ஆனால் “எவ்வளவு வலிக்கிறது?” என்ற வினாவுக்கு விடை சொல்லும் கருவி எது? ஒரே மருத்துவர், ஒரே நாளில், இருவருக்குக் குடலிறக்க அறுவை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் ஒருவர் “பரவாயில்லை” என்கிறார். அடுத்த கட்டிலில் இருப்பவர் “உயிர் போகிறது” என்கிறார். இருவரில் யாருக்கு வலி மிகுதி? அல்லது வலி ஒன்றேதான், தாங்கும் ஆற்றல்தான் வேறா?

இது பொழுதுபோக்கான வினா அன்று. அறுவைக்கு எந்த மயக்கமுறை நல்லது, பல்லைப் பிடுங்கியபின் எந்த மாத்திரை நல்லது, பச்சிளங்குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது என்ன செய்வது ஆகிய எல்லா வினாக்களும் இதில்தான் போய் முட்டுகின்றன. ‘இது அதைவிட நல்லது’ என்று சொல்ல வேண்டுமானால் இரண்டையும் அளந்து ஒப்பிட்டாக வேண்டும் அல்லவா? அளக்கக் கருவி இல்லாத ஒன்றை ஒப்பிடுவது எப்படி என்பதை மருத்துவர்கள் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டனர். அதற்கு முன், வலி செல்லும் பாதையைச் சற்றே பார்த்துவிடுவோம்.

வலி செல்லும் பாதை

இருட்டில் நடக்கும்போது கால் கட்டைவிரலைக் கதவில் இடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலி. அது அடங்குவதற்குள், சுமார் ஒரு நொடி கழித்து, ‘விண் விண்’ என்று தெறிக்கும் இரண்டாவது வலி வருகிறது. இடித்தது ஒரு முறை. வலி மட்டும் இரு முறை வருவானேன்? வலிச் செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் இருவகைப்படும். மெல்லிய கொழுப்புறை போர்த்திய இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியை அனுப்புகின்றன. உறையற்ற இழைகளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நாம் நடக்கும் வேகத்தைவிட அதிகமில்லை. கால்விரலிலிருந்து தண்டுவடம் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர். தொலைவை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு நொடித் தாமதத்தின் காரணம் விளங்கிவிடும்.

இந்தப் பாதையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தடை போடலாம். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் காயம்பட்ட இடத்திலேயே வேலையைத் தொடங்குகின்றன. வலி நரம்பின் முனைகளை உசுப்பிவிடும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் அங்கே உண்டாவதை இவை குறைக்கின்றன. பல் மருத்துவர் ஈறில் போடும் லிக்னோகெயின் ஊசி, நரம்பிழையின் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைத்துவிடுகிறது. மின்துடிப்பு மேலே போவதில்லை. 1898 இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்னும் அறுவை மருத்துவர், தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரில் மருந்தைச் செலுத்தி இடுப்புக்குக் கீழே முழுவதையும் மரத்துப்போகச் செய்தார். மார்ஃபீன் தண்டுவடத்திலும் மூளையிலும் செயல்படுகிறது. முழு மயக்கமோ வலியை உணரும் மூளையையே உறங்க வைத்துவிடுகிறது. வழிகள் பல இருப்பதால்தான் ‘எது நல்லது?’ என்ற வினாவும் எழுகிறது.

ஒரே ஒரு நோயாளியின் சாட்சி

முதலில் இந்த வினாவை மருத்துவ உலகம் தீர்த்துக்கொண்ட விதம் வேடிக்கையானது. அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 இல் சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடை முகரச் செய்து வலியின்றிப் பல் பிடுங்கலாம் என்று கண்டார். 1845 இன் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்னால் அதைச் செய்துகாட்டினார். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தோர் ‘மோசடி!’ என்று கூச்சலிட்டனர். வெல்ஸ் தலைகுனிந்து வெளியேறினார். 1846 அக்டோபர் 16 ஆம் நாள் அதே நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரை முகரச் செய்தார். மருத்துவர் வாரன் நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தெடுத்தார். நோயாளி கத்தவில்லை. ஈதரின் புகழ் சில மாதங்களில் கடல் கடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கத்திய நோயாளி, தமக்கு வலி தெரியவில்லை என்று பின்னர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு பயனற்றது என்பதும் உண்மையன்று. அது இன்றும் பல மருத்துவமனைகளில் பயன்பட்டு வருகிறது. அன்று அந்த அரங்கில் தீர்ப்பளித்தது ஒரே ஒரு மனிதரின் தொண்டைதான்! ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஓர் அலைவை வைத்துக் கணக்கிட்டு எழுதிக்கொண்டு வரும் மாணவரை நாங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்புகிறோம். ஆயினும் உலகத்தின் பெரிய மருத்துவர்கள் அன்று அதைத்தான் செய்தார்கள்.

சரி, எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1847 இல் எடின்பரோவில் சிம்ப்சன் அறிமுகப்படுத்திய குளோரோஃபார்ம், ஈதரைவிட இதமாகவும் விரைவாகவும் மயக்கம் தந்தது. ஆனால் 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்தாள். மூச்சு நின்றதால் இறந்தாளா, இதயம் நின்றதாலா என்ற சர்ச்சை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஐதராபாத்தில் பணியாற்றிய மருத்துவர் எட்வர்டு லாரி, நிஜாமின் பொருளுதவியோடு 1888 இலும் 1889 இலும் இரு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். நூற்றுக்கணக்கான விலங்குகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்தனர். ‘மூச்சுதான் முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைக் கவனிக்க வேண்டியதில்லை’ என்பது அவர்கள் முடிவு. 1911 இல் லண்டனில் குட்மன் லெவி அதைத் தவறென்று காட்டினார். மயக்கம் ஆழமாக இல்லாத நிலையில், உடலில் அட்ரினலின் பெருகும்போது, குளோரோஃபார்ம் இதயத்தையே திடீரென்று தாளம் தப்பி நிற்க வைத்துவிடும். விலங்குகள் பலவாக இருந்தன. ஆனால் அச்சத்தோடு நாற்காலியில் உட்காரும் ஒரு சிறுமியின் நிலை அந்த ஆய்வுகளில் இடம்பெறவே இல்லை.

வலிக்கு ஓர் அலகு

இயற்பியல் படித்தவர்களுக்குச் சுவையான ஒரு முயற்சியை இங்கே சொல்ல வேண்டும். 1940 ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹார்டி என்ற இயற்பியலாரும் அவருடைய நண்பர்களான வுல்ஃப், கூடெல் என்பவர்களும் வலியை அளக்க ஒரு கருவி செய்தனர். நெற்றியில் கரி பூசிக்கொள்ள வேண்டும். ஒரு விளக்கின் ஒளியை வில்லையால் குவித்து அந்த இடத்தில் மூன்று நொடி விழச் செய்வார்கள். கரி ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருமையான பரப்பு தன்மேல் விழும் கதிர்வீச்சை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே சிவந்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் வேறுபாடு வராது. ஒளியின் வலிமையைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, தோலின் வெப்பம் ஏறத்தாழ 45 டிகிரி செல்சியசை எட்டும் நிலையில் சூடு என்ற உணர்வு மாறி வலி தொடங்குகிறது. அதிலிருந்து, ‘இப்போது சற்றுக் கூடியிருக்கிறது’ என்று சொல்லக்கூடிய படிகளை எண்ணிக்கொண்டே போனார்கள். இருபத்தொரு படிகள் கிடைத்தன. இரண்டு படிகள் சேர்ந்தது ஓர் அலகு. அதற்கு ‘டால்’ என்று பெயர் வைத்தார்கள். பத்தரை டாலுக்கு மேல் வலி கிடையாது!

படிப்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் இந்த அலகு நிலைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் விளக்கொளியால் உண்டாக்கிய வலியை மார்ஃபீன் நம்பகமாகக் குறைக்கவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் கண்டனர். அறுவை முடிந்து படுத்திருப்பவரின் வலியையோ அதே மார்ஃபீன் தணித்துவிடுகிறது. மூன்று நொடியில் விளக்கு அணைந்துவிடும் என்று தெரிந்தவரின் வலி வேறு. நாளை என்ன ஆகுமோ என்று படுத்திருப்பவரின் வலி வேறு.

இதை எல்லாரையும்விடத் தெளிவாகக் கண்டவர் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் படை மருத்துவமனைகளில் பணியாற்றிய அவர், படுகாயமுற்ற வீரர்களிடம் “வலிக்கு மருந்து வேண்டுமா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1946 இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மருந்து வேண்டாம் என்றதாகத் தெரிவித்தார். போர் முடிந்தபின் ஊரில் அறுவை செய்துகொண்டவர்களிடம் அவர் அதே வினாவைக் கேட்டபோது, பெரும்பாலோர் மருந்து வேண்டும் என்றனர். காயமோ வீரர்களுக்குத்தான் பெரிது. ஆனால் வீரருக்குக் காயம் என்பது போர்முனையிலிருந்து உயிரோடு வீடு திரும்புவதற்கான சீட்டு. ஊராருக்கு அறுவை என்பது வந்து சேர்ந்த கேடு. காயத்தின் அளவைக் கொண்டு வலியின் அளவைக் கணிக்க முடியாது என்பது அவர் முடிவு.

ஆகவே கருவியைத் தேடுவதை விட்டுவிட்டு, ஆய்வாளர்கள் நோயாளியின் சொல்லையே கருவியாகக் கொண்டனர். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைக் காகிதத்தில் வரைந்து, இடக்கோடியில் ‘வலியே இல்லை’, வலக்கோடியில் ‘நினைக்க முடிந்த மிகக் கொடிய வலி’ என்று எழுதிக் கொடுப்பார்கள். நோயாளி ஓரிடத்தில் குறியிட வேண்டும். அது எத்தனையாவது மில்லிமீட்டரோ அதுவே வலியின் எண். ‘இது என்ன அளவை?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் 40 உம் என் 40 உம் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் என்னுடைய 70 மருந்துக்குப் பின் 30 ஆனால் அதற்குப் பொருள் உண்டு. நூறு பேரின் இறக்கத்தை இன்னொரு நூறு பேரின் இறக்கத்தோடு ஒப்பிட்டால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். இந்தக் கோட்டில் சுமார் 10 மில்லிமீட்டராவது குறைந்தால்தான் நோயாளி அதை உண்மையான மாற்றமாக உணர்கிறார் என்றும் பின்னர் கண்டறிந்துள்ளனர். கோட்டைத் தவிர இன்னோர் அளவும் உண்டு. நோயாளி தாமே பொத்தானை அழுத்தி மார்ஃபீன் பெற்றுக்கொள்ளும் பம்பு ஒன்றைக் கட்டிலருகே வைத்துவிட்டு, 24 மணி நேரத்தில் எத்தனை மில்லிகிராம் செலவாயிற்று என்று கணக்கிடுவார்கள். வாய் சொல்வதைக் கை சொல்வதோடு ஒத்துப்பார்க்கும் உத்தி இது.

போலி மருந்தின் உண்மையான வேலை

சொல்லையே கருவியாக்கினால் வேறொரு தொல்லை வருகிறது. புதிய மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்துவிடும். மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் நலம் கண்டதாகப் பீச்சர் 1955 இல் எழுதினார். அந்த எண் மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னர் பலர் காட்டினர். கவனிப்பாரின்றி விட்டாலும் வலி தானாகவே குறையும் அல்லவா? அவர் அதைக் கழிக்கவில்லை. இருந்தாலும் விளைவு உண்மையானதே.

எவ்வளவு உண்மையானது என்பதை 1978 இல் அமெரிக்காவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர் காட்டினர். ஞானப்பல் எடுத்தவர்களுக்குப் போலி மருந்து கொடுத்தார்கள்; சிலருக்கு வலி குறைந்தது. நலாக்சோன் என்ற மருந்து மார்ஃபீனின் செயலை முறிக்கக்கூடியது. அதைக் கொடுத்ததும் போலி மருந்தால் குறைந்த வலி திரும்ப எழுந்தது! போலி மருந்தில் முறிப்பதற்கு மார்ஃபீன் ஏது? நம்பிக்கையின் தூண்டுதலால் மூளையே மார்ஃபீனை ஒத்த எண்டார்ஃபின் என்னும் பொருள்களைச் சுரந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் தந்த விளக்கம். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நோயாளியைக் கடிந்துகொள்பவர்கள் இந்த ஆய்வை ஒரு முறை படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதனால் ஒப்பீட்டு ஆய்வுக்குச் சில விதிகள் உருவாயின. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்கக்கூடாது. அவர் அறியாமலேயே, திடமான இளைஞர்களைப் புதிய முறைக்கும் தளர்ந்த முதியவர்களைப் பழைய முறைக்கும் ஒதுக்கிவிடுவார். எனவே சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். அந்தச் சீட்டு மூடிய உறையில் இருக்க வேண்டும். விழுங்குபவருக்கும் தெரியக்கூடாது, வலியைக் கேட்டுக் குறிப்பவருக்கும் தெரியக்கூடாது. மாத்திரைகளின் நிறம், அளவு, சுவை எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வலியால் துடிப்பவருக்குப் போலி மருந்து கொடுப்பது அறமா என்று கேட்கிறீர்களா? சரியான கேள்வி. முன்கூட்டியே விளக்கி, அவருடைய இசைவைப் பெறுகிறார்கள். வலி பொறுக்கவில்லை என்றால் கேட்ட மாத்திரத்தில் வேறு வலிமருந்து கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் கழித்துக் கேட்டார் என்பதே ஆய்வின் ஓர் அளவாகிவிடுகிறது.

இந்த ஆய்வுகளுக்கு மிகவும் கைகொடுத்தது ஞானப்பல்தான். அதை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நோயற்ற இளைஞர்கள். அறுவை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. மரத்த தன்மை தெளிந்ததும் வலி தவறாமல் வரும். இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிய காக்ரேன் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்கைக் கையாள்கிறார்கள். 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் உண்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு அடுத்த சில மணி நேரத்தில் வலி பாதியாவது தணிந்தது. போலி மருந்து உண்டவர்களில் 14 விழுக்காட்டினருக்கு அதே நலம் கிட்டியது. வேறுபாடு 40 விழுக்காடு. அப்படியானால் மருந்தின் உண்மையான பயனை ஒருவர் பெற, 100 ஐ 40 ஆல் வகுத்தால் வரும் 2.5 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். இந்த எண் குறையக் குறைய மருந்து வலியது. 2015 இல் வெளிவந்த தொகுப்பில் 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு இது 3.6. அபினிலிருந்து கிடைக்கும் கோடீன் 60 மில்லிகிராமுக்கோ 12! 200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனையும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் சேர்த்துக் கொடுத்தால் 1.6 தான். அபின் வகை என்றாலே வலிமை மிக்கது என்று எண்ணிக்கொண்டிருந்த பலருக்கு இந்தப் பட்டியல் வியப்பளித்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த எண் வலியை மட்டுமே பேசுகிறது. வயிற்றுப்புண் உள்ளவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் ஐபுப்ரோஃபென் செய்யக்கூடிய தீங்கு இதில் இல்லை. யாருக்கு எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

மாத்திரையைப் போலி செய்யலாம். முதுகில் போடும் ஊசியைப் போலி செய்வது எப்படி? பெரிய அறுவைகளில் ஒப்பீடு கடினமாவது இங்கேதான். முதுகில் மெல்லிய குழாயைச் செருகி மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை வலியை நன்கு தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. அது உயிரையும் காக்குமா? 2000 ஆம் ஆண்டில், 141 ஆய்வுகளில் இடம்பெற்ற 9,559 நோயாளிகளின் விவரங்களை ஒன்று சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று, முதுகு வழி மருந்து செலுத்திய குழுக்களில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கூறியது. மயக்க மருத்துவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய, பழைய ஆய்வுகள். 2002 இல் ஆஸ்திரேலியாவைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்ட, வேறு நோய்களும் உள்ள ஏறத்தாழ 900 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். முப்பது நாளில் இறந்தவர்கள் எபிடியூரல் குழுவில் 5.1 விழுக்காடு, மற்றதில் 4.3 விழுக்காடு, தற்செயலாகவே நேரக்கூடிய வேறுபாடுதான் இது. வலி குறைந்தது, மூச்சுத் திணறி நுரையீரல் செயலிழந்தவர்களும் 30 விழுக்காட்டிலிருந்து 23 ஆகக் குறைந்தனர். உயிர் காக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் நிறைவேறவில்லை.

தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியவர்களைப் பற்றியும் இப்படியொரு நம்பிக்கை உண்டு. ‘முழு மயக்கம் கொடுத்தால் பாட்டிக்குப் புத்தி தடுமாறிவிடும், முதுகில் ஊசி போதும்’ என்று உறவினர்கள் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மருத்துவர்களிலும் பலர் அப்படியே எண்ணினர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2021 இல் வெளிவந்தது. அறுபது நாளில் இறந்தவர்களும் தாமாக நடக்க இயலாது போனவர்களும் சேர்ந்து, முதுகு ஊசிக் குழுவில் 18.5 விழுக்காடு, முழு மயக்கக் குழுவில் 18.0. மனக்குழப்பம் அடைந்தவர்கள் 20.5 க்கு 19.7. அடுத்த ஆண்டில் சீனாவிலிருந்து 950 பேரைக் கொண்ட ஆய்வும் இதையொட்டிய முடிவையே தந்தது. இரண்டு முறைகளும் ஏறத்தாழச் சமம் என்பது சுவையற்ற முடிவாகத் தோன்றலாம். ஆனால் இதய நோயாலோ, உட்கொள்ளும் மருந்தாலோ முதுகில் ஊசி போட முடியாத மூதாட்டியின் வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எண்களை நம்பும்போது ஒரு கசப்பான செய்தியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அறுவைக்குப் பின் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பற்றி ஆய்வுகள் வெளியிட்டுப் புகழ்பெற்ற ஸ்காட் ரூபன் என்ற அமெரிக்க மயக்க மருத்துவரின் 21 கட்டுரைகளில் இருந்த விவரங்கள் புனையப்பட்டவை என்று 2009 இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதுவரை அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டி எத்தனையோ மருத்துவர்கள் மருந்து எழுதியிருந்தனர். ஓர் ஆய்வை வேறொரு ஊரில், வேறொருவர் செய்து பார்க்கும்வரை அது பாதி உண்மை என்றே வைத்துக்கொள்வது நல்லது.

பேசத் தெரியாதவர்கள்

இதுவரை பார்த்த எல்லா முறைகளும் நோயாளி பேசுவார் என்பதை நம்பியிருக்கின்றன. பேசத் தெரியாத குழந்தையிடம் எந்தக் கோட்டைக் கொடுப்பது? பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை, அதற்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பரவலாக இருந்தது. வலிமருந்து மூச்சை அடக்கிவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த அச்சத்தை முழுதும் குறை சொல்வதற்கில்லை. இதன் விளைவைக் கேட்டால் மனம் பதைக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு மார்பைத் திறந்து அறுவை செய்யும்போதுகூட, தசைகளை அசையாமல் கட்டிவிடும் கியூராரே மருந்தையும் சிறிது நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டுமே கொடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அசையாத குழந்தை அழவும் இயலாது.

இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அங்கே தம் கூட்டாளிகளோடு நடத்திய ஆய்வு 1987 இல் வெளிவந்தது. கருவிலிருக்கும்போது இதயத்தருகே இரு பெரிய இரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு குழாய் ஒன்று, பிறந்தபின் தானே மூடிக்கொள்ள வேண்டும். மூடாத குறைமாதக் குழந்தைகளுக்கு அதைக் கட்டிவிடும் அறுவை தேவைப்படும். அத்தகைய பதினாறு குழந்தைகளைக் குலுக்கலில் எட்டு எட்டாகப் பிரித்தனர். எல்லாருக்கும் வழக்கமான மருந்துகள். எட்டுப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலிமருந்து. பேச முடியாத குழந்தைக்காக இரத்தம் பேசியது. ஃபென்டனில் பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் அட்ரினலின் போன்ற நெருக்கடிச் சுரப்புகளும் சர்க்கரையும் மிகுதியாக ஏறின. அறுவைக்குப் பின் இதயத் துடிப்பும் மூச்சும் சீர்குலைவது போன்ற சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதலாக வந்தன. பதினாறே குழந்தைகள்தான். ஆனால் கேட்ட வினா கூர்மையாக இருந்தது. எதிர்பார்த்த வேறுபாடும் பெரிதாக இருந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் உலகெங்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு வலிமருந்து கொடுக்கும் வழக்கம் பரவியது.

சிறு ஊசிகளின் நிலை வேறு. குதிகாலில் குத்தும் முன் நாவில் சில துளி சர்க்கரைக் கரைசலை விட்டால் குழந்தை குறைவாக அழுகிறது. முகம் சுளிப்பதும் குறைகிறது. பல ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியிருந்தன. 2010 இல் லண்டனில் ரெபேக்கா ஸ்லேட்டரின் குழுவினர், 59 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், முகத்தை மட்டும் பாராமல் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்துடிப்பையும் பதிவு செய்தனர். சர்க்கரை பெற்ற குழந்தைகளின் முகம் அமைதியாக இருந்தது. ஊசி குத்திய கணத்தில் மூளையில் எழுந்த அலையோ நீர் மட்டும் பெற்ற குழந்தைகளின் அலையைப் போலவே இருந்தது. சர்க்கரை வலியைக் குறைத்ததா, அழுகையை மட்டும் குறைத்ததா? அந்த அலையே முழு வலியாகாது என்று வாதிடுவோர் உண்டு. நானும் அதை மறுக்கமாட்டேன். அம்மீட்டர் ஒரு கிளையில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டினால் மற்றக் கிளைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் இவர்கள், குறைமாதக் குழந்தைகளின் கண் பரிசோதனைக்கு முன் வாய்வழி மார்ஃபீன் கொடுத்துப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கினர். 31 குழந்தைகள் சேர்ந்த நிலையில் ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மார்ஃபீன் பெற்ற குழந்தைகளுக்கு மூச்சு அடங்கும் தொல்லை கூடியது. வலியும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த முடிவும் 2018 இல் மறைக்காமல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் மருந்தே இல்லை. ஊசி குத்தும் முன் மென்மையான தூரிகையால், நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் என்ற மெல்லிய வேகத்தில், குழந்தையின் தோலை வருடினார்கள். இம்முறை மூளையின் அலையே தாழ்ந்தது. தாய் தன் குழந்தையைத் தடவிக் கொடுக்கும் வேகமும் ஏறத்தாழ அதுதான்.